கிறிஸ்துமஸ் இரவுக்கு ஒரே ஒரு பழைய அரைமணி: எதைப் போடுவது?

டிசம்பர் மூன்றாவது வாரம் பிறந்துவிட்டால் எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான். "கிறிஸ்துமஸ் இரவு வீட்டில் எல்லோரும் கூடியிருப்போம். பழைய அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களிலிருந்து ஒரே ஒரு பகுதி பார்க்கலாம் என்று இருக்கிறோம். எதைப் போடுவது?" கேட்கிறவர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலின் தலையில் 'ஐ லவ் லூசி' தொடரின் லூசி இருப்பார். லூசி வேண்டாம் என்பேன். அத்தோடு பேச்சு முறுக்கிக்கொள்ளும்.

இந்த முறை காரணங்களை எழுதியே வைத்துவிடுகிறேன். 1955 முதல் 1976 வரை ஒளிபரப்பான ஆறு பகுதிகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறும் அரைமணி நேரத் தொடர்கள். ஆறும் அவரவர் வகையில் நல்லவை. ஆனால் ஒரே கூடத்தில் ஆறும் எடுபடாது.

## எதை வைத்து எடை போடுவது

ஒரே ஒரு பகுதி என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. தொடர் நகைச்சுவை பழக்கத்தில் ஊறுகிற பண்டம். நூறு வாரம் பார்த்தவருக்கு ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வருவதே சிரிப்பு. முதல்முறை பார்ப்பவருக்கு அது வெறும் கதவு. ஆகவே முதல் கேள்வி, முன்கதை எதுவும் தெரியாதவருக்கு இந்தப் பகுதி தனித்து நிற்குமா என்பது.

இரண்டாவது, வேடிக்கை கண்ணுக்கா காதுக்கா? வசனத்தில் மட்டுமே வேடிக்கை இருந்தால், சப்டைட்டில் படித்து முடிப்பதற்குள் திரையில் எல்லோரும் சிரித்து ஓய்ந்திருப்பார்கள். பாட்டி "என்ன சொன்னான்?" என்று கேட்க, நீங்கள் விளக்க, அடுத்த நகைச்சுவையும் போய்விடும்.

மூன்றாவது, கிறிஸ்துமஸ் தாத்தா ரகசியம். அவர் நிஜமாகவே வருவார் என்று நம்புகிற குழந்தை கூடத்தில் இருந்தால் இது சின்ன விஷயம் அல்ல.

நான்காவது, பழைய நெடி. அன்று கைதட்டல் வாங்கிய சில வரிகள் இன்று தொண்டையில் நிற்கும். எது எங்கே வருகிறது என்று தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது.

கடைசியாக, பிரதி. இதுதான் யாரும் கவனிக்காத செலவு. அந்தக் காலத்து அரைமணி நிகழ்ச்சியின் உண்மையான நீளம் ஏறக்குறைய 25 நிமிடம். பின்னாளில் விளம்பரங்களுக்கு இடம் வேண்டி மறுஒளிபரப்புகளில் அதை 22 நிமிட அளவுக்கு வெட்டினார்கள். வெட்டுப்பட்ட அந்தப் பிரதிகளும் இன்று சுற்றில் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் நிமிடக் கணக்கைப் பாருங்கள்.

## ஐ லவ் லூசி (1956)

டிசம்பர் 24, 1956 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது. லூசி, கணவர் ரிக்கி, அண்டை வீட்டுத் தம்பதி ஃப்ரெட், எதெல் என்று நால்வர்தான் தொடரின் ஆட்கள். மரம் அலங்கரிக்கிற வேலை நடக்கிறது. இந்தக் கிளை கொஞ்சம் நீளம், அந்தப் பக்கம் ஒரு கிளை என்று லூசி சொல்லச் சொல்ல ஃப்ரெட் ரம்பத்தால் அறுக்கிறார். கடைசியில் நிற்பது மொட்டைக் கம்பு. இது யாருக்கும் புரியும், எந்த மொழியிலும் புரியும். பிரச்சினை அதற்குப் பிறகுதான். நால்வரும் உட்கார்ந்து பழைய நாட்களை நினைவுகூர்கிறார்கள். திரையில் ஓடுவதோ பழைய பகுதிகளிலிருந்து எடுத்த நீண்ட துண்டுகள்: லூசி தாயாகப் போவதைக் கணவருக்குச் சொல்கிற காட்சி, நால்வர் சேர்ந்து பாடுகிற கூத்து, மருத்துவமனைக்குக் கிளம்பும்போது நடக்கிற களேபரம்.

அந்தக் குழந்தைக்காக அமெரிக்காவே காத்திருந்தது என்பது தெரிந்தவருக்கு இவை பொக்கிஷம். 1953 ஜனவரி 19 அன்று குழந்தை பிறக்கும் பகுதியை ஏறக்குறைய 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். லூசியாக நடித்த லூசில் பாலுக்கு நிஜத்தில் மகன் பிறந்ததும் அதே நாள்தான். தெரியாதவருக்கோ இது அடுத்த வீட்டுக்காரர் தன் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக் காட்டுவது போல. இதை மறுஒளிபரப்புத் தொகுப்பிலேயே சேர்க்காமல் விட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1989 டிசம்பரில்தான் மீண்டும் ஒளிபரப்பானது. 2013 முதல் முழுதும் வண்ணமேற்றிய பிரதியும் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. லூசியின் சிவப்புத் தலைமுடி மட்டும் தனியாக ஓடி வருகிறது.

தாத்தா ரகசியத்தில் இது பாதி ஆபத்து. பெரியவர்கள் நால்வருமே தாத்தா வேடம் போட்டு நிற்கிறார்கள், எண்ணினால் ஐந்து பேர், ஐந்தாமவர் மாயமாகிவிடுகிறார். கூர்மையான குழந்தை அந்த நால்வரைப் பற்றித்தான் கேட்கும்.

லூசியை முன்பே பார்த்துப் பழகிய வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடலாம். மற்றவர்களுக்குக் கடைசியில் ஒரு வழி சொல்கிறேன்.

## தி ஹனிமூனர்ஸ் (1955)

நியூயார்க்கின் புரூக்ளினில் ஒற்றை அறைபோன்ற ஒரு வீடு. ஒரு மேசை, ஐஸ் பெட்டி, ஜன்னல். பஸ் ஓட்டுநர் ரால்ஃபுக்கு வாரச் சம்பளம் 62 டாலர். அவர் மனைவிக்காக ஒரு பரிசு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார்: 2,000 தீக்குச்சிகளை ஒட்டிச் செய்த கொண்டை ஊசிப் பெட்டி. ஜப்பான் சக்கரவர்த்தி வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லி அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அதே பெட்டியை மனைவி ஆலிஸுக்குப் பரிசாகக் கொண்டு வருகிறபோது ரால்ஃபாக நடிக்கும் ஜாக்கி க்ளீசனின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். சப்டைட்டில் தேவையே இல்லை. பிறகு அவர் தன் பௌலிங் பந்தை விற்று வேறு பரிசு வாங்குகிறார். ஆலிஸ் அவருக்கு வாங்கி வைத்திருப்பதோ அந்தப் பந்துக்கு ஒரு பை. அமெரிக்கச் சிறுகதையாளர் ஓ. ஹென்றியைப் படித்தவருக்கு இந்த முடிச்சு தெரிந்ததுதான். ஆனாலும் வேலை செய்கிறது, ஏனென்றால் அந்த அறையில் பணம் இல்லை என்பதை முதல் நிமிடத்திலேயே நாம் நம்பிவிட்டோம்.

முடிவில் நடிகர்கள் பாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேராக நம்மைப் பார்த்து வாழ்த்துச் சொல்கிறார்கள். அரங்கில் நிஜ மக்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அந்த நிமிடத்தில்தான் உறைக்கும். முன்பொரு முறை மலிவாகக் கிடைத்ததே என்று நான் வாங்கிய ஒரு தொகுப்பில் அந்த வாழ்த்தே இல்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, "கதை முடிந்துவிட்டதே சார்" என்றார்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. மனைவியை ஒரே குத்தில் நிலாவுக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுவது ரால்ஃபின் முத்திரை வசனம். அவர் ஒரு நாளும் கை வைத்ததில்லை, ஆலிஸ் அதற்கு அஞ்சியதும் இல்லை, ஆலிஸாக வரும் ஆட்ரி மெடோஸ் இடுப்பில் கை வைத்து நிற்கிற நிற்பே பதில். இருந்தாலும் கூடத்தில் யாருக்காவது அது சொந்த வீட்டுக் குரலாகக் கேட்கலாம். மொத்தம் 39 பகுதிகளே கொண்ட தொடர் இது. மிரட்டலும் கத்தலும் அதன் நாடித்துடிப்பு. அந்தச் சத்தத்தை எதிர்பார்த்தே உட்காருங்கள்.

சிறு குழந்தைகள் இல்லாத, புதிதாகக் கல்யாணமானவர்கள் இருக்கிற, மாதக் கடைசியின் நெருக்கடி தெரிந்த வீட்டுக்கு இது முதல் தேர்வு.

## தி ஆண்டி கிரிஃபித் ஷோ (1960)

என் வாக்கு இதற்கு. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

வட கரோலினாவில் மேபெரி என்ற கற்பனைச் சிற்றூர். ஊர்க் காவல் அதிகாரியான ஷெரிஃப் ஆண்டி, அவருடைய ஆறு வயது மகன், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பீ அத்தை, படபடப்பே உருவான துணை ஷெரிஃப் பார்னி. தொடர் தொடங்கி இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 19, 1960 அன்று வந்த இது பதினோராவது பகுதி. அதாவது அன்று பார்த்த அமெரிக்கர்களுக்கே இவர்கள் அரைகுறை அறிமுகம்தான். அதனால் எழுதியவர்கள் எல்லோரையும் கையைப் பிடித்து அறிமுகப்படுத்துகிறார்கள். இன்று புதிதாகப் பார்க்கிற நமக்கு இது அதிர்ஷ்டம்.

ஊரின் பெரிய கடைக்காரர் பென் வீவர். கருமி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கள்ளச்சாராயம் காய்ச்சிய சாம் என்பவனைக் கையும் களவுமாகப் பிடித்து வந்து சிறையில் அடைக்கச் சொல்கிறார். பண்டிகைக்கு வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஆண்டி கெஞ்சியும் கேட்கவில்லை. சட்டம் சட்டம்தான் என்கிறார். சரி, சட்டப்படியே போவோம் என்று ஆண்டி சாமின் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் "உடந்தை" என்று உள்ளே வைத்துவிடுகிறார். அப்புறம் என்ன, விருந்தும் மரமும் பாட்டும் சிறைக்கே வந்துவிடுகின்றன. ஒல்லிக்குச்சி பார்னி தாத்தா வேடத்தில் வருகிறார். வேடம் ஒரு பக்கம் போகிறது, ஆள் ஒரு பக்கம் போகிறார்.

இப்போது பென் வீவர் தனி ஆள். எப்படியாவது தன்னைக் கைது செய்யவைக்க வேண்டும் என்று சில்லறைக் குற்றங்களாகத் தேடித் தேடிச் செய்கிறார். ஒவ்வொன்றையும் யாரோ நல்ல மனதோடு குறுக்கே விழுந்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். அவருக்கு எரிச்சல். எதற்கு இந்த எரிச்சல் என்று ஆண்டிக்கும் புரியவில்லை, முதலில் நமக்கும் புரிவதில்லை.

பிறகு ஒரு காட்சி. உள்ளே ஆண்டி கிட்டார் மீட்ட, ஊர்ப் பெண் எல்லியாக நடிக்கும் எலினார் டோனஹ்யூ 'அவே இன் எ மேஞ்சர்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடுகிறார். வெளியே இருட்டில், சிறையின் கம்பி ஜன்னலுக்குக் கீழே எதையோ அடுக்கி அதன்மேல் ஏறி நின்று பென் உள்ளே எட்டிப் பார்க்கிறார். உதடுகள் பாட்டோடு சேர்ந்து அசைகின்றன. சிறைக்குள் இருப்பவர்கள் விடுதலையாக இருக்கிறார்கள், விடுதலையாக இருப்பவர் கம்பிக்கு வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறார். இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வில் ரைட் என்ற அந்த முதிய நடிகரின் தொங்கிய கன்னம் சொல்லிவிடுகிறது. கைதான பிறகு "வீட்டுக்குப் போய் இரண்டு சாமான் எடுத்து வருகிறேன்" என்று போய், பெட்டி நிறையப் பரிசுகளோடு வருகிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. சிரிப்பொலி பதிவு செய்து ஒட்டியது. அரங்கில் ஆட்கள் கிடையாது. ஆண்டியின் தென்மாநில இழுவைப் பேச்சுக்குச் சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். சாராயம் காய்ச்சுவதை இவ்வளவு செல்லமாகப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. கடைசியாக, கருப்பு வெள்ளை என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளைகளுக்காக 2015இல் சிபிஎஸ் வண்ணமேற்றிய பிரதியை ஒளிபரப்பியது. அதை எடுக்காதீர்கள். ஜன்னல் காட்சி நிழலால் ஆனது. வண்ணம் வந்ததும் இருட்டின் பாரம் போய்விடுகிறது.

எட்டு ஆண்டுகள், 249 பகுதிகள் ஓடிய தொடரில் கிறிஸ்துமஸ் பகுதி இது ஒன்றுதான். பிறகு ஏன் இன்னொன்று எடுக்கவில்லை என்று நான் யோசித்ததே இல்லை.

## தி பிரேடி பஞ்ச் (1969)

ஆறு பிள்ளைகள், முழு வண்ணம், மாசு மருவற்ற வீடு. தேவாலயத்தில் பாட வேண்டிய அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. கடைசிப் பெண் சிண்டி கடையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் பொம்மை கேட்காமல் அம்மாவின் குரலைத் திருப்பிக் கேட்கிறாள். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் இதைவிட எளிதான தேர்வு இல்லை. எந்தப் பழைய நெடியும் இல்லை, கொஞ்சம் சர்க்கரை அதிகம், அவ்வளவுதான். ஆனால் முடியாத வாக்கைக் கொடுக்கலாமா என்று அப்பா அந்தக் கடைத் தாத்தாவிடம் கோபிக்கிற இடம் வரும். ஐந்து வயதுக் குழந்தை அருகில் இருந்தால் அந்த நிமிடத்தில் கேக் வெட்ட அழைத்துப் போய்விடுங்கள்.

## பிவிட்ச்ட் (1970)

சூனியக்காரி மனைவி சமந்தாவின் தொடர். டிசம்பர் 24, 1970 அன்று வந்த 'சிஸ்டர்ஸ் அட் ஹார்ட்' பகுதியின் கதையை உருவாக்கியவர்கள் லாஸ் ஏஞ்சலஸின் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்த கறுப்பின மாணவர்கள் 26 பேர். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எமி விருது விழாவில் ஆளுநர் குழுவின் சிறப்பு விருதும் இதற்குக் கிடைத்தது. சமந்தாவின் மகளான வெள்ளைச் சிறுமி டாபிதாவும் கறுப்பினச் சிறுமி லிசாவும் சகோதரிகளாக இருக்க ஆசைப்படுகிறார்கள். நிறம் வேறு, ஆகவே முடியாது என்கிறான் ஒரு பையன். டாபிதா மந்திரம் போட, ஒருத்திக்கு வெள்ளைப் புள்ளிகள், இன்னொருத்திக்குக் கறுப்புப் புள்ளிகள். குழந்தைக்கு ஒரு வரி விளக்கமும் தேவைப்படாத காட்சி.

இதன் செலவு பெரியது. சமந்தாவின் கணவருடைய, நிறவெறி பிடித்த வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணுக்கு எல்லோரும் கறுப்பாகத் தெரியும்படி சமந்தா மந்திரம் போடுகிறாள். அதற்காக வெள்ளை நடிகர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி நிற்கிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் கறுப்பின மக்களைக் கேலி செய்த ஒரு நூற்றாண்டு மேடை வழக்கம் அந்தச் சாயத்தில் இருக்கிறது. கல்லூரி வயதுப் பிள்ளைகள் இருந்தால் படம் 25 நிமிடம், வாக்குவாதம் ஒரு மணி நேரம். அந்த வாக்குவாதம் உங்களுக்கு வேண்டும் என்றால் இதையே போடுங்கள். சும்மா ஓடவிட்டுப் பலகாரம் பரிமாறும் பகுதி அல்ல இது.

## ஆல் இன் த ஃபேமிலி (1976)

கிறிஸ்துமஸ் நாளன்றே ஒளிபரப்பானது. வியட்நாம் போர் முடிந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. கட்டாய ராணுவச் சேவைக்கு மறுத்து கனடாவுக்குத் தப்பியோடிய இளைஞர்கள் ஊர் திரும்பலாமா என்று நாடே சண்டையிட்டுக்கொண்டிருந்தது.

ஆர்ச்சி பங்கர் வாய்நீளமான, முன்முடிவுகள் நிறைந்த குடும்பத் தலைவர். பண்டிகை விருந்துக்குத் தன் நண்பர் பிங்கியை அழைத்திருக்கிறார். பிங்கியின் ஒரே மகன் வியட்நாமில் இறந்தவன். மருமகன் மைக்கின் நண்பன் டேவிட்டும் அதே மேசைக்கு வந்து சேர்கிறான். அவன் கனடாவுக்கு ஓடியவன். இந்த உண்மை மேசையில் உடைகிற கணத்திலிருந்து நகைச்சுவைத் தொடர் என்பதே மறந்துவிடும். ஆர்ச்சி கொதிக்கிறார். பிங்கியும் தன் பக்கம் நிற்பார் என்று நம்பி அவரைப் பார்க்கிறார். பிங்கியோ, தன் மகனும் அந்தப் போரை வெறுத்தான், அவனுக்குச் சரியென்று பட்டதை அவன் செய்தான், இந்தப் பையன் தனக்குப் பட்டதைச் செய்தான், மகன் இருந்திருந்தால் இவனோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான் என்று சொல்லி டேவிட்டுக்குக் கை நீட்டுகிறார். அரங்கில் ஒரு நொடி மூச்சுச் சத்தம்கூடக் கேட்பதில்லை.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த நிமிடம். ஆர்ச்சி திருந்தவில்லை. இதை நான் யோசிக்க வேண்டும் என்கிற குழப்பத்தோடு நிற்கிறார். மனம் மாறி எல்லோரையும் கட்டிக்கொள்கிற கிறிஸ்துமஸ் கதைகள் ஆயிரம் உண்டு. மாறாத மனிதரை அதே மேசையில் உட்காரவைக்கிற கதை அபூர்வம். அடுத்த மாதம், 1977 ஜனவரி 21 அன்று, பதவியேற்ற மறுநாளே அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் அந்த இளைஞர்களுக்கு மன்னிப்பு வழங்கினார்.

ஆனால் முன்தயாரிப்பு இல்லாமல் இதைப் போட்டால் மேலே சொன்ன எதுவும் எட்டாது. வியட்நாம், கட்டாயச் சேவை, கனடா ஆகிய மூன்றையும் இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். இந்தத் தொடரில் ஆர்ச்சியின் வாயிலிருந்து இனவசைகள் சரளமாக வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஃபிலிமில் எடுத்த மற்ற ஐந்தும் புதுப் பிரதிகளில் பளிச்சென்று இருக்கின்றன. இது வீடியோ டேப்பில் பதிவானதால் பெரிய திரையில் மங்கலாகத்தான் தெரியும், அது உங்கள் தொலைக்காட்சியின் கோளாறு அல்ல.

## ஒரே பார்வையில்

| பகுதி | படம் | சிரிப்பு | புதியவருக்கு | ஆறு வயதுக்குள் குழந்தை |
|---|---|---|---|---|
| லூசி, 1956 | கருப்பு வெள்ளை | அரங்கம் | கடினம் | கவனம் தேவை |
| ஹனிமூனர்ஸ், 1955 | கருப்பு வெள்ளை | அரங்கம் | எளிது | வேண்டாம் |
| ஆண்டி கிரிஃபித், 1960 | கருப்பு வெள்ளை | ஒட்டியது | மிக எளிது | பார்க்கலாம் |
| பிரேடி பஞ்ச், 1969 | வண்ணம் | ஒட்டியது | எளிது | ஒரு காட்சி ஆபத்து |
| பிவிட்ச்ட், 1970 | வண்ணம் | ஒட்டியது | எளிது | விளக்கத்தோடு |
| ஆல் இன் த ஃபேமிலி, 1976 | வண்ணம், மங்கல் | அரங்கம் | முன்னுரை வேண்டும் | தூங்கிய பிறகு |

## உங்கள் கூடத்துக்கு எது

மூன்று தலைமுறையும் ஒன்றாக இருந்தால் ஆண்டி கிரிஃபித். யோசிக்கவே வேண்டாம். பிள்ளைகள் மட்டும் கூடி, பெரியவர்கள் சமையலறையில் இருந்தால் பிரேடி பஞ்ச். இருவர் மட்டும் உள்ள வீடு, கையில் காசு குறைவு என்றால் ஹனிமூனர்ஸ், வெட்டுப்படாத பிரதியாகப் பார்த்து. விருந்து முடிந்து, குழந்தைகள் உறங்கி, அரசியல் பேசியே பிரிந்துபோன இரண்டு சொந்தக்காரர்கள் இன்னும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஆல் இன் த ஃபேமிலி. அதற்குத் தைரியம் வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

லூசியை விட முடியாது என்பவர்களுக்குச் சொன்ன வழி இது. அவரை 26ஆம் தேதிக்கு ஒத்திவையுங்கள். முதலில் 1952 டிசம்பர் 8 அன்று வந்த பகுதியைப் போடுங்கள். கர்ப்பம் என்ற சொல்லையே தொலைக்காட்சியில் உச்சரிக்க விடாத காலம் அது. தாங்கள் பெற்றோராகப் போகிறோம் என்று யாரோ ஒரு தம்பதி எழுதிய சீட்டு மேடையில் பாடிக்கொண்டிருக்கும் லூசியின் கணவர் ரிக்கியின் கைக்கு வருகிறது. அவர் தாலாட்டுப் பாடியபடியே மேசை மேசையாகப் போய் அந்தத் தம்பதியைத் தேடுகிறார். கடைசி மேசையில் லூசி உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்த கையோடு 1956 கிறிஸ்துமஸ் பகுதிக்குப் போனால், நினைவுகூரல் தொடங்கியதும் வருகிற அதே காட்சி உங்களுக்கும் நேற்றைய நினைவாகவே இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.